‘காஸ்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்

1

போன வாரம் சேகரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சேகரும் நானும் மாமல்லபுரத்தில் ஒரே ஸ்டாண்டில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர்கள். அவன் இன்னும் அங்கேதான் ஓட்டுகிறான். நான் இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு ஊரில் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"இன்னா மச்சான், இங்கிலீஷ் வரலைன்னு உன்னை வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களாமே. கருங்குழில உங்க மாமன் வூட்டுல பேசிக்கினு இருந்தாங்க. நெசமா? அப்படி இருந்தா ரோசிக்காத, கெளம்பி வா. இங்க ஒரு வண்டி சும்மாதான் கீது."

முதலில் சிரிப்பு வந்தது. சமையலறையில் நின்று மறுபடியும் போட்டுக் கேட்டபோது கோபம் வந்தது. சேகர் மேல் இல்லை. அவன் வண்டி தருகிறேன் என்கிறான், நல்ல மனசு. அந்த 'இங்கிலீஷ் வரலை' என்ற பேச்சின் மேல்தான் கோபம். கடல் தாண்டி அது கருங்குழி வரைக்கும் போயிருக்கிறது.

ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். என்னைத் தூக்கினார்களா இல்லையா என்பதை அந்தக் கட்டம் வரும்போது சொல்கிறேன். ஆனால் ஒன்றை இப்போதே மறுத்துவிட வேண்டும். இங்கிலீஷ் வராததால் எனக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியும் என்று சொன்னதால்தான் தொல்லை வந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

2

அந்த வார்த்தை 'காஸ்'. அடுப்பு எரிக்கிற காஸ் இல்லை, cause. ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது, ஒன்றால் இன்னொன்று வந்தது என்று சொல்ல இங்கிலீஷ்காரர்கள் போடுகிற சொல்.

நான் அதைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. சேகரின் சிகரெட் பாக்கெட்டில் கற்றேன். வேனின் டாஷ்போர்டில் அது எப்போதும் கிடக்கும். சவாரிக்குக் காத்திருக்கும்போது வேறென்ன படிப்பது? புகை பிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதில் இங்கிலீஷில் போட்டிருக்கும். சினிமாவுக்குப் போனாலும் படம் போடுவதற்கு முன்னால் அதே வாசகம். அங்கிருந்து அந்த வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகு விடவில்லை, கண்டதற்கெல்லாம் போட்டேன்.

ஒருநாள் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவைச் சதுரங்கப்பட்டினம் அழைத்துப் போனேன். கோட்டையைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், கைடு மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், திஸ் பீச் காஸஸ் பீஸ்" என்றேன். இந்தக் கடற்கரை மன அமைதியை உண்டாக்குகிறது என்று சொல்ல நினைத்தேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "பாவம், இந்தக் கடற்கரை என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டார்.

திருக்கழுக்குன்றம் போய்ச் சேரும்வரை பாடம் நடந்தது. அது நல்ல காரியத்துக்குப் போகிற சொல் இல்லையாம். நோய், தீ, வெள்ளம், தாமதம், சண்டை, விபத்து, இந்த மாதிரி வீடுகளுக்குத்தான் போகும். கடற்கரை அமைதியைத் 'தருகிறது' என்று சொல்ல வேண்டுமாம். மழை பயிரை வளர்த்தால் அந்தச் சொல் வராது. மழை ஊரைக் கெடுத்தால் வரும். "அதைச் சொன்னால், யாரையோ நோக்கி விரலை நீட்டுகிறாய் என்று அர்த்தம்" என்றார்.

எனக்கு அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து சரியாகப் போட ஆரம்பித்தேன். திருப்போரூர் ரோட்டுப் பள்ளம் முதுகுவலியை உண்டாக்குகிறது. சேகர் தாமதத்தை உண்டாக்குகிறான். சேகர் முன்னாலேயே பயணிகளிடம் இதைச் சொல்வேன். அவனும் தன்னைப் புகழ்கிறேன் என்று நினைத்துச் சல்யூட் அடிப்பான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வார்த்தையின் விரல் எந்தப் பக்கம் நீளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

3

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் வண்டியும் வண்டியும் முட்டிக்கொண்டால் பெரிய வண்டிக்காரன் முதலில் இறங்க வேண்டும். இறங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டு, 'என் மேலதான் தப்பு' என்று சொல்லிவிட வேண்டும். உண்மையில் யார் மேல் தப்பு என்பதெல்லாம் பிற்பாடு. எல்லா டிரைவரும் இப்படி என்று புளுக மாட்டேன்; வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. நாங்கள் ஓடுவதில்லை.

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ஒரு காலைவேளை. காலி வேன். சதுரங்கப்பட்டினத்துக்காரர் ஒருவர் டிவிஎஸ்ஸில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராங் சைடில் நேராக வந்து என் பம்பரில் மோதினார். ரோடு முழுக்க மீன், முட்டி கிழிந்து ரத்தம். நான் இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"அண்ணாத்த, என் மேலதான் தப்பு" என்று கீழே கிடந்தவரிடம் சொன்னேன். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஏறு."

காலரிலிருந்த கை தானாக இறங்கியது. மறு நிமிடம் அதே ஆள் மீனைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அடிபட்டவரையும் மீனையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவர் முட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"நைனா, நீ இன்னா பண்ணுவ. நான்தான் ராங்ல வந்தேன். ஐஸ் உருகிடும்னு அவசரத்துல வந்து பேஜாராப் பூட்ச்சு."

"இல்ல அண்ணாத்த, நான் ஆரன் அடிச்சிருக்கணும்."

"நீ அடிச்ச. நான்தான் கேக்கல."

தப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், இல்லை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை தகராறு. வண்டியில் மீன் நாற்றம் போக ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுக்காமல் விட்டதில்லை.

அது பொய்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம், பொய்தான். அடிபட்டுக் கிடப்பவன் தலைமாட்டில் நின்று 'நீதான் காரணம்' என்று சொல்கிற உண்மையைவிட அந்தப் பொய் மேலானது என்று அன்றைக்கும் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

4

இங்கே என் வேலை விடிவதற்கு முன்னால் தொடங்குகிறது. டிப்போவில் பஸ்ஸைச் சுற்றி வந்து டயர், விளக்கு, கதவு எல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரி, சந்தை, புதுக் குடியிருப்பு என்று அதே வழியில் போய் அதே வழியில் திரும்பி வர வேண்டும். கண்டக்டர் கிடையாது. டிரைவருக்கு ஒரு கூண்டும் ஒரு சின்னக் கதவும் உண்டு. இறங்கும்போது ஜனங்கள் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அன்று தூறல் விட்டிருந்தது. சந்தை நிறுத்தம் நெருங்கும்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஆள், நின்றபடியே ஓட்டுகிற எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குக் குறுக்கே பாய்ந்தான். பிரேக்கை அழுத்தினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். இறங்குவதற்காக முன்கூட்டியே எழுந்து நின்ற ஒரு வயதான அம்மா விழுந்து கிடந்தார்.

கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் அந்த அம்மா வலியைப் பற்றிப் பேசவில்லை. "என் தப்பு, நான்தான் எழுந்து நின்றேன், எனக்குப் புத்தி இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகனிடம் சொல்லாதீர்கள். இனிமேல் என்னைத் தனியாக வெளியே விடமாட்டான்" என்று அழுதார்.

எனக்குத் தாங்கவில்லை. விபத்து நடந்தால் தப்பை ஒப்புக்கொள்ளாதே என்று கம்பெனி பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஐ காஸ்டு இட். மை ஃபால்ட்" என்றேன். நான்தான் இதற்குக் காரணம், என் தப்பு. வெறும் 'சாரி' போதாது என்று தோன்றியதால் பெரிய சொல்லாக எடுத்துப் போட்டேன். அந்த அம்மாவின் அழுகை நின்றது. ஆம்புலன்ஸ் வரும்வரை என்னிடம் என் ஊர் எது, அங்கே குளிருமா என்று பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகன் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார். பக்கத்து சீட்டில் இருந்தவர் சாட்சி. விபத்துக்குத் தானே காரணம் என்று டிரைவரே ஒப்புக்கொண்டார் என்று புகாரில் இருந்தது. மணிக்கட்டு எலும்பு முறிவு. என்னை வண்டியிலிருந்து இறக்கி, விசாரணை என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

யூனியனில் ஸ்டீவ் என்று ஒருவர் இருக்கிறார். பஸ் கேமராவில் பதிவானதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஸ்கூட்டர்காரன்தான் காரணம், படத்தில் பளிச்சென்று தெரிகிறது. உன் கால் சரியாக வேலை செய்திருக்கிறது. உன் வாய்தான் மாட்டிக்கொண்டது" என்றார். அதற்கு வழியும் சொன்னார். பதற்றத்தில் சொன்னேன், அந்த வார்த்தைக்குச் சரியான அர்த்தம் எனக்குத் தெரியாது, இங்கிலீஷ் என் தாய்மொழி இல்லை. அவ்வளவு சொன்னால் போதும். ஏதாவது ஒரு மொழி வகுப்புக்கு அனுப்பிவிட்டு மறுபடி வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அர்த்தம் தெரியும் என்று சொன்னால்தான் வம்பு. தெரிந்தே ஒப்புக்கொண்டதாக ஆகும், இல்லை தெரிந்தே பொய் சொன்னதாக ஆகும். எதுவானாலும் வேலை போகலாம்.

ஸ்டீவ் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

வீட்டில் என் மனைவி செல்வியும் அதே கட்சி. "யோவ், தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன். இன்னா கொறஞ்சிடும்? வேலை பூட்ச்சுன்னா இந்த வூட்ட வச்சிகினு இன்னா பண்றது?"

"தெரிஞ்சத எப்பிடி தெரியாதுன்னு சொல்றது?"

"ஆமா, பெரிய அரிச்சந்திரன். பஸ்ல மட்டும் பொய் சொல்லத் தெரிஞ்சுதில்ல."

இந்த இடத்தில் என் மகள் கீர்த்தி வாயைத் திறந்தாள். இங்கே வரும்போது கைக்குழந்தை. இப்போது காலேஜில் படித்துக்கொண்டே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் வீட்டில் நாங்கள் பேசுவது மட்டும்தான். அதுவும் இப்போதெல்லாம் கையிருப்பைச் செலவழிக்கிற மாதிரி யோசித்து யோசித்துத்தான் பேசுகிறாள்.

"அப்பா, உன் இங்கிலீஷ் மோசம்னு சொல்லிடு. அது பொய்கூட இல்லியே."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிடுகிற நாட்களில் டீச்சர் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்பார். கீர்த்தி பதில் சொல்வாள். டாக்டரிடம் எனக்கு வந்த நெஞ்செரிச்சலை அவள் விவரிப்பாள். பேங்கில் நான் பேனாவை எடுப்பதற்குள் அவள் பேசி முடித்திருப்பாள். "அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது" என்று என் முன்னாலேயே சொல்வாள், அதுவும் எனக்குப் புரிகிற இங்கிலீஷில். சின்னப் பெண், பெருமையாகச் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் வளர்ந்துவிட்டாள், அந்த வாக்கியம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது நானே என் வாயால் அதைச் சொல்லிக் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், இந்த ஊரிலும் என் வீட்டிலும் ஆயுசுக்கும் நான் புரியாதவன்தான். வேலை போனாலும் பரவாயில்லை, அதை மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கம்பெனியில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அப்படியானால் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வரலாம் என்றார்கள்.

"நான் வரேன்" என்றாள் கீர்த்தி. வந்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எனக்காகப் பேசுவாள், வழக்கம்போல.

5

விசாரித்தவர் ஒரு பெண் மேலாளர். நிதானமானவர். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கேட்டார். கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஸ்கூட்டர், பிரேக், விழுந்த அம்மா, தரையில் உட்கார்ந்திருக்கும் நான்.

"இதற்கு நீங்கள்தான் காரணம் என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"நீங்கள் போட்ட அந்தச் சொல்லின் அர்த்தம் அப்போது உங்களுக்குத் தெரியுமா?"

ஸ்டீவ் என்னைப் பார்த்தார். கீர்த்தி மேஜையைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றேன். "ஒரு தீங்கு நடந்தால், அதை உண்டாக்கியது யார் என்று காட்டுகிற சொல்."

"அப்படியானால் விபத்தை உண்டாக்கியது நீங்கள்தானா?"

"இல்லை. அந்த ஸ்கூட்டர்."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

பூஞ்சேரி கூட்டு ரோட்டை அந்த அறைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். காலரைப் பிடித்த கை, மீன், கும்பிடு. இங்கிலீஷில் ஒன்றுக்குப் பின் ஒன்று நிற்க மறுத்தன. பதறினால் எனக்குத் தமிழே திக்கும். அன்று இங்கிலீஷும் திக்கியது. அதுதான் சமயமென்று ஸ்டீவ் உள்ளே புகுந்தார். "பாருங்கள், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இது மொழிப் பிரச்சினை."

மேலாளர் கீர்த்தியின் பக்கம் திரும்பினார். "வீட்டில் அவரோடு இருப்பவர் நீங்கள். சொல்லுங்கள், உங்கள் அப்பா புரிந்துதான் அப்படிச் சொன்னாரா?"

புரியாமல் சொன்னார் என்று அவள் சொன்னால் என் வேலை பத்திரம். அவளுக்கும் அது தெரியும். என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அப்பா, இன்னா சொல்லட்டும்?"

"உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

அவள் மேலாளரின் பக்கம் திரும்பினாள். பிறகு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"அப்பா புரிந்துதான் சொன்னார். நான் சின்னவளாக இருந்தபோது கீழே விழுந்தால் அப்பா ஓடிவந்து தரையை அடிப்பார். என் பிள்ளையை நீயா தள்ளினாய் என்று தரையைக் கேட்டு அடிப்பார். எங்கள் ஆட்கள் எல்லோரும் குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வார்கள். தரை என்னைத் தள்ளவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் விழுந்தது என் தப்பு இல்லை என்று ஆகிவிடும், என் அழுகை நின்றுவிடும். அந்தப் பெண்மணி தன் மேலேயே தப்பைப் போட்டுக்கொண்டு அழுதார். வளர்ந்தவர் முன்னால் போய்த் தரையை அடிக்க முடியாது. அதனால் அப்பா தன்னையே அடித்துக்கொண்டார். அவருக்கு அந்தச் சொல் தெரியும். இந்த அறையில் இருக்கிற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்."

ஸ்டீவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் ஐந்து வயதில் இந்த ஊர்க் கார்ப்பெட்டில் விழுந்தபோதுகூட நான் கார்ப்பெட்டை அடித்திருக்கிறேன். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். மேலாளர் முடிவைச் சொன்னார். விபத்துக்கு நான் காரணம் இல்லை. ஆனால் உண்மை இல்லாததைத் தெரிந்தே சொல்லிக் கம்பெனிக்குச் சிக்கலை உண்டாக்கியிருக்கிறேன். 'உண்டாக்கியிருக்கிறேன்' என்பதற்கு அவர் அதே சொல்லைத்தான் போட்டார், சரியாகவே போட்டார். ஆகவே கடைசி எச்சரிக்கை. இனி ஒரு தடவை இப்படி வாயைத் திறந்தால் வேலை இல்லை.

"நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அந்த அம்மா நாளைக்கு விழுந்தாலும் நான் எழுந்து அவர் பக்கத்தில் போவேன், அதையும் நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்" என்றேன். "அன்றைக்கும் எனக்குப் புரிந்தது, இன்றைக்கும் புரிகிறது என்று உங்கள் பதிவில் எழுதுங்கள்."

"அதை எழுதினால் உங்களுக்குத்தான் நல்லதில்லை."

"எழுதுங்கள்."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டினார். தட்டி முடித்து, சரிபார்ப்பதற்காகத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கீர்த்தி எனக்குப் படித்துச் சொல்ல முன்னால் குனிந்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு, எனக்குத் திரை தெரிகிற மாதிரி தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நானே படித்தேன்.